வேலைக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி: இனிஷியல், புள்ளி, பிறந்த ஆண்டு

வேலை தேடும் தங்கைக்குப் புதிய முகவரி அமைத்துக் கொடுத்தபோது செய்ததை அப்படியே வரிசையாகத் தருகிறேன். ஜிமெயிலில் கணக்குத் திறப்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். முகவரியில் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லோரும் திணறுகிறார்கள்.

படி 1: பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அதில் ஆங்கிலத்தில் உள்ள எழுத்துகளைத்தான் முகவரியிலும் எழுத வேண்டும். எழிலரசியின் ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். சான்றிதழில் எது இருக்கிறதோ அதுவே சரி. எண்கணித ஜோதிடர் சேர்க்கச் சொன்ன கூடுதல் 'ஏ' சான்றிதழில் ஏறவில்லை என்றால் இங்கும் ஏற வேண்டாம்.

படி 2: இனிஷியல் முன்னாலா, பின்னாலா? நான் பின்னால் என்பேன். உங்களை நினைவில் வைத்திருப்பவருக்குப் பெயர் நினைவிருக்கும், இனிஷியல் இருக்காது. எனவே எழிலரசி, பிறகு புள்ளி, பிறகு கே.

படி 3: இந்தப் புள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜிமெயில் புள்ளியைக் கணக்கில் எடுப்பதே இல்லை. புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் கடிதம் ஒரே பெட்டிக்குத்தான் வரும். அதனால், புள்ளியில்லாத வடிவத்தை வேறொருவர் எடுத்திருந்தால், புள்ளி சேர்த்து அதை வாங்க முடியாது. சிக்கல் வெளியே இருக்கிறது. ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் புள்ளியோடு பதிவு செய்துவிட்டு, பின்னொரு நாள் புள்ளியில்லாமல் உள்ளே நுழையப் பார்த்தால், அப்படி ஒரு கணக்கே இல்லை என்று அது சொல்லக்கூடும். அந்தத் தளத்துக்கு இரண்டும் வெவ்வேறு முகவரிகள். ஆகவே ஒரு வடிவத்தை முடிவு செய்து, விண்ணப்பம், வங்கி, விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். அடிக்கோட்டையும் இடைக்கோட்டையும் ஜிமெயில் ஏற்காது. பெயர்ப் பகுதி 6 முதல் 30 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும்.

படி 4: கேட்ட பெயர் கிடைக்கவில்லை என்றால் கை தானாகப் பிறந்த ஆண்டைத் தட்டும். தட்டாதீர்கள். வயது தெரிந்துவிடும் என்பது சின்ன விஷயம். இ-ஆதார் பிடிஎஃப் கோப்பின் கடவுச்சொல் என்ன? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும். பெயரும் ஆண்டும் சேர்ந்த முகவரி அந்த இரண்டையும் ஊருக்கே சொல்லிவிடுகிறது. இனிஷியலுக்குப் பதிலாக அப்பா அல்லது அம்மா பெயரை முழுதாக எழுதுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். ஊர்ப்பெயர் எனக்குப் பிடிக்காது. நாளை வேறு ஊருக்குப் போவீர்கள்.

படி 5: கணக்கைத் திறப்பதற்கு முன், வீட்டில் பெரியவர் ஒருவருக்குத் தொலைபேசியில் முகவரியைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எம்மா என்னா, பியா டியா என்று எங்கே திரும்பக் கேட்கிறாரோ, மனிதவளத் துறையிலிருந்து பேசுபவரும் அங்கேதான் கேட்பார். சான்றிதழ் எழுத்தை மாற்ற முடியாது. ஆனால் நீங்களாகச் சேர்த்த எண்ணோ எழுத்தோ இடறினால் எடுத்துவிடலாம்.

படி 6: அனுப்புநர் பெயரையும் சரிபாருங்கள். கணினியில் ஜிமெயில் அமைப்புகளுக்குள் 'கணக்குகள்' பகுதியில் அதை மாற்றலாம். முகவரி கச்சிதமாக இருந்தும், பெறுபவரின் திரையில் 'குட்டிம்மா' என்று வந்தால் பட்டதெல்லாம் வீண்.

கடை, நிறுவனம் நடத்துபவர்கள் சொந்த டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் இணையப் பெயர், வாங்குவதே நல்லது. என் விருப்பம் சென்னையைச் சேர்ந்த சோஹோவின் மெயில் சேவை; தொழிலுக்கென்றே அமைத்தது போன்ற நிதானம் அதில் உண்டு. உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் கடிதம் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவை டொமைன் அமைப்பில் ஒரே ஒரு முறைதான் சேர்க்க வேண்டும். இரண்டு இருந்தால் சோதனை தோற்று, உங்கள் கடிதம் ஸ்பேமுக்குப் போக வாய்ப்புண்டு.

பின்சேர்க்கை: டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கெடு முடிந்தபின் அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவர் அதே முகவரியை உருவாக்கினால், உங்கள் பழைய கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதங்கள் அவருக்குப் போகும். தானியங்கிப் புதுப்பித்தலைப் போட்டு வையுங்கள். டொமைன் பதிவுக் கணக்குக்கு அந்த டொமைனிலேயே உள்ள முகவரியைக் கொடுக்காமல், ஜிமெயில் முகவரியைக் கொடுங்கள்.