முதல் அனிமேயைப் பரிந்துரைக்கும் முன்

“அனிமே பார்க்கலாம் என்றிருக்கிறேன், எதில் தொடங்கட்டும்?” ஜப்பானிய அனிமேஷன் படங்களும் தொடர்களுமான அனிமேயின் ஒவ்வொரு ரசிகரும் இந்தக் கேள்விக்காகவே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். கேட்டவருக்கு வரும் ஆபத்தும் அந்த ஆர்வத்தில்தான் இருக்கிறது. என்னிடம் ஒரு நண்பர் இப்படிக் கேட்டபோது அன்றிரவே உட்கார்ந்து 17 பெயர்கள் கொண்ட பட்டியல் தயாரித்து அனுப்பினேன். வகைவாரியாகப் பிரித்து, குறிப்புகளும் எழுதியிருந்தேன். அந்தப் பட்டியலிலிருந்து அவர் இன்றுவரை ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. பதினேழைக் கொடுத்தால் தேர்ந்தெடுக்கும் வேலையை மறுபடியும் அவர் தலையிலேயே கட்டிவிடுகிறோம். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

அந்த ஒன்றைச் சொல்வதற்கு முன்பு, அவர் கடைசியாகத் தூக்கத்தைத் தொலைத்துப் பார்த்த படமோ தொடரோ எது என்று கேட்க வேண்டும். நான் அதைக் கேட்கவில்லை. எனக்குப் பிடித்தவற்றை எழுதி அனுப்பினேன். துப்பறியும் கதைகளில் ஊறியவருக்கு 37 எபிசோடுகளில் முடிந்துவிடும் ‘டெத் நோட்’ பொருந்தலாம். விளையாட்டு என்றால் உயிரை விடுபவருக்கு வாலிபால் தொடரான ‘ஹைக்யூ’. குடும்பக் கதைகளை விரும்புபவருக்கு மமோரு ஹொசோடாவின் ‘உல்ஃப் சில்ட்ரன்’. அனிமே என்பது ஒரு வகைக் கதை அல்ல. எல்லா வகைக் கதைகளும் அதில் உண்டு. இதை மறந்துவிட்டு “அனிமே பிடிக்குமா?” என்று கேட்பது, “புத்தகம் பிடிக்குமா?” என்று கேட்பதைப் போன்றது.

தீவிர ரசிகர்கள் செய்யும் பெரிய தவறு, மிகச் சிறந்ததை முதலிலேயே எடுத்து நீட்டுவது. ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ 1995இல் வந்தது, 26 எபிசோடுகள். மாபெரும் இயந்திர மனிதர்களை ஓட்டும் சிறுவர்களின் கதைகள் ஜப்பானில் அதற்குள் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகியவை. அந்தப் பழக்கத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கியதால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. கடைசி இரண்டு எபிசோடுகளில் வெளிக்கதையைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டு, பாத்திரங்களின் மனத்துக்குள் இறங்கிவிடும். 1997இல் வேறொரு முடிவோடு ஒரு திரைப்படமும் வந்தது. இவ்வளவையும் விளக்கினால்தான் ரசிக்க முடியும் என்றால், அது புதியவருக்கான வாசல் அல்ல. எதை எதிர்த்துக் கேள்வி கேட்கிறது என்று தெரியாதவருக்கு அந்தக் கேள்வி வெறும் குழப்பமாகத்தான் தெரியும்.

இரண்டாவது தவறு நீளம். “முதல் நூறு எபிசோடு கொஞ்சம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொண்டால் அப்புறம் பிரமாதம்.” இந்த வாக்கியத்தைச் சொல்பவர் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். எபிசோடுக்கு 24 நிமிடம் என்றால் நூறுக்கு 40 மணி நேரம். ஒருவரின் ஒரு முழு வேலை வாரத்தை முன்பணமாகக் கேட்கிறோம். 1999இல் தொடங்கிய ‘வன் பீஸ்’ 1,100 எபிசோடுகளைத் தாண்டியும் முடியவில்லை. ‘நருட்டோ’ 220, அதன் தொடர்ச்சியான ‘ஷிப்புடென்’ 500. வாரந்தோறும் ஒளிபரப்பாகும் தொடர், மூலமான மங்காவை (ஜப்பானிய சித்திரக் கதையை) எட்டிப் பிடித்துவிடும் நிலை வரும்போது, மங்காவில் இல்லாத கதைகளைச் செருகி நேரத்தை ஓட்டுவார்கள். இவற்றைத்தான் ஃபில்லர் என்கிறோம். ‘நருட்டோ’வைச் சொல்லியே தீருவேன் என்றால், எந்த எபிசோடுகளைத் தாண்டிப் போகலாம் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். முதல் பகுதியின் பிற்பாதியில் அவை வரிசை கட்டி நிற்கின்றன. பல புதியவர்கள் களைத்து விலகியது அங்கேதான்.

திரைப்படம் என்றால் கவலையில்லை, இரண்டு மணி நேரம்தானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜப்பானிய அனிமே நிறுவனமான ஸ்டுடியோ கிப்லி என்றாலே இதமான படம் என்ற எண்ணத்தில், ஒரு விடுமுறை மாலையில் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’ போட்டேன். இசாவோ தகாஹாதா இயக்கியது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் கோபே நகரில் தாயை இழந்து தனித்து விடப்படும் அண்ணனும் தங்கையும்தான் கதை. படம் முடிந்தபின் விளக்கைப் போடக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. 1988 ஏப்ரலில் ஜப்பானில் இதே படமும் ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’வும் ஒரே காட்சியில் இரட்டைப் படங்களாகத் திரையிடப்பட்டன என்பதை அறிந்தபோது, அன்றைய பார்வையாளர்களை நினைத்துப் பரிதாபப்பட்டேன். நிறுவனத்தின் பெயரை நம்பி எதையும் பரிந்துரைக்கக் கூடாது. 2003இல் ஆஸ்கர் வென்ற ‘ஸ்பிரிட்டட் அவே’ பெரும்பாலானோருக்குப் பொருந்திவிடுகிறது. “கார்ட்டூன் எல்லாம் சிறுபிள்ளைகளுக்கு” என்று சொல்பவர்களுக்கு மட்டும் நான் வேறொன்று வைத்திருக்கிறேன்: சதோஷி கோனின் ‘டோக்கியோ காட்ஃபாதர்ஸ்’. வீடற்ற மூவர் கிறிஸ்துமஸ் இரவில் கைவிடப்பட்ட ஒரு குழந்தையைக் கண்டெடுக்கிறார்கள். அதே இயக்குநரின் ‘பெர்ஃபெக்ட் புளூ’வை, அதுவும் வரைந்த படம்தானே என்று குழந்தைகள் இருக்கும் அறையில் போட்டுவிடாதீர்கள். வன்முறையும் பாலியல் கொடுமையும் நிறைந்த உளவியல் படம் அது.

இன்னொரு பொறி, தனித்து நிற்காத படங்கள். 2020இல் வந்த ‘டீமன் ஸ்லேயர்: முகென் டிரெயின்’ 26 எபிசோடுகள் கொண்ட முதல் பருவம் முடிந்த இடத்திலிருந்து நேராகத் தொடர்கிறது. படம்தானே என்று அதில் தொடங்குபவருக்கு, பெட்டிக்குள் இருக்கும் பெண் யார் என்பதே புரியாது. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’டில் சிக்கல் வேறு மாதிரி. மங்கா முடிவதற்கு முன்பே தொடங்கியதால் 2003ஆம் ஆண்டுத் தொடர் பாதியில் தன் வழியே பிரிந்துவிட்டது. அதே கதையை மறுபடி எடுத்து 2009இல் வந்த ‘பிரதர்ஹுட்’ மங்காவைப் பின்பற்றியது. எது மேல் என்ற பழைய சண்டையைப் புதியவர் முன் நடத்தாமல் ஒன்றின் பெயரை மட்டும் சொல்லுங்கள். சப்டைட்டிலா டப்பிங்கா என்பதும் அவர் விருப்பம். ஷோனென், செய்னென் பாடமும் இப்போது வேண்டாம். அவை, ஒரு மங்கா எந்த வயது வாசகர்களுக்கான இதழில் வந்தது என்பதைச் சொல்லும் பெயர்களே தவிர, கதையின் வகையைச் சொல்பவை அல்ல.

பலரும் கவனிக்காத ஒன்று: எப்போதோ பார்த்ததை நினைவிலிருந்து பரிந்துரைப்பது. நீண்ட நாள் பார்த்துப் பழகிய நமக்குச் சில காட்சிகள் கண்ணிலேயே படுவதில்லை. தேவையில்லாத அரைகுறை ஆடைகளும் பெண் பாத்திரங்களை வைத்துச் செய்யும் அசட்டு நகைச்சுவையும் புதியவருக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே உறுத்தும். சொல்வதற்கு முன் முதல் எபிசோடை மட்டுமாவது மறுபடி பார்த்துவிடுவது நல்லது. நான் உயிராக நினைத்த ஒரு தொடர் அப்படிப் பார்த்தபோது என் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறியது.

அவரோடு சேர்ந்து பார்ப்பதாக இருந்தால் கண்ணைத் திரையில் வையுங்கள், அவர் முகத்தில் அல்ல. “இப்போது பாருங்கள், இப்போது” என்று முழங்கையால் இடிக்கவும் வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

என் பதினேழையும் ஒதுக்கிய அந்த நண்பர், பிறகு ஒருநாள் யாரையும் கேட்காமல் தானாகவே ‘வன் பீஸ்’ தொடங்கியிருக்கிறார். இப்போது சந்திக்கும் போதெல்லாம் முதல் நூறு எபிசோடைப் பொறுத்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் தொடங்கவில்லை.