வாத்தியத்தைத் தொடவே மனசு வராதபோது என்ன செய்யலாம்

வாத்தியப் பெட்டி கண்ணில் படும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும், மறுநாளும் அதே கதைதான். இப்படி ஒரு மாதம் ஓடிவிட்டால் "எனக்கு இதில் ஆசையே போய்விட்டது போல" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். அந்த முடிவை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஆசை நிஜமாகவே போயிருந்தால் பெட்டியைப் பார்க்கும்போது மனசு உறுத்தாது. உறுத்துகிறது என்றால் ஆசை இருந்த இடத்தில்தான் இருக்கிறது, நடுவில் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டு நிற்கிறது. அது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

நான் வயலின் வாசிக்கிறேன். ஒரு முறை நான்கு மாதம் தொடவே இல்லை, சோம்பல் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் காரணம் வேறு. பிருடை, அதாவது தந்தியை முறுக்குகிற முளை, வழுக்கிக்கொண்டே இருந்தது. சுருதி சேர்த்து வில்லை எடுப்பதற்குள் தந்தி இறங்கிவிடும், மறுபடி முறுக்க வேண்டும், மறுபடி இறங்கும். கிடைப்பதே அரை மணி நேரம், அதில் பத்து நிமிடம் இந்தப் போராட்டத்திலேயே போனால் யாருக்குத்தான் உட்காரத் தோன்றும்? பழுதுபார்ப்பவரிடம் ஒரே ஒரு தடவை கொண்டுபோனதும் சரியாகிவிட்டது. அதனால் மனசைத் திட்டுவதற்கு முன்னால் கருவியைப் பாருங்கள். கிட்டாரில் தந்திகள் பலகையை விட்டு ரொம்ப உயரத்தில் இருந்தால் விரல் வலிக்கத்தான் செய்யும். மாற்றாமல் விட்ட பழைய தந்தியில் நாதம் மங்கித்தான் வரும். கீபோர்டில் ஒரு கட்டை ஒட்டிக்கொண்டாலே போதும், வாசிக்கிற எரிச்சல் முழுக்க உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

கருவி சரி என்றால் அப்புறம் அது இருக்கிற இடம். கட்டிலுக்கு அடியில் பெட்டி, பெட்டிக்குள் உறை, ஸ்டாண்டு அலமாரியில், நோட்டு வேறெங்கோ. வாசிக்க ஆரம்பிப்பதற்குள் ஐந்து காரியம் செய்ய வேண்டியிருந்தால், களைத்துப்போன மாலை நேரத்தில் அந்த ஐந்தும் ஐந்து மலை மாதிரி தெரியும். வெயிலும் ஈரமும் படாத ஒரு மூலையில், கை நீட்டினால் எடுக்கும்படி வெளியே வையுங்கள். குழந்தைகள் இருக்கிற வீடென்றால் சுவரில் மாட்டலாம்.

இனிதான் முக்கியமான விஷயம். நிறையப் பேர் விட்டுவிடுவது ஆரம்பத்தில் இல்லை, ஓரளவு வந்த பிறகுதான். ஆரம்பத்தில் ஒரு மெட்டு அடையாளம் தெரிகிற மாதிரி வந்தாலே சந்தோஷம். ஒன்றிரண்டு வருடம் கழித்து மூன்றாவது விரல் ஒரு மயிரிழை கீழே விழுந்திருப்பது கேட்கும், வில் திரும்புகிற இடத்தில் பிசிறு தட்டுவது கேட்கும், முன்பு நன்றாக இருந்ததாக நினைத்ததெல்லாம் இப்போது அபஸ்வரமாகக் கேட்கும். "நான் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன்" என்று தோன்றுகிற காலம் இது. உண்மையில் காது முன்னால் ஓடிவிட்டது, விரல் இன்னும் பின்னால் வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். காது வளர்ந்ததும் வளர்ச்சிதான், ஆனால் அது சந்தோஷமாக உணரப்படாத வளர்ச்சி. இதற்கு நான் கண்ட ஒரே மருந்து பதிவு செய்வது. வாரம் ஒரு முறை ஒரு நிமிடம் போனில் பதிவு செய்து, கேட்காமல் அப்படியே வைத்துவிடுங்கள். அன்றைக்கே கேட்டால் குறை மட்டும்தான் காதில் விழும். இரண்டு மாதம் கழித்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், வித்தியாசம் தெரியும். தெரியவில்லை என்றால் அதுவும் பயனுள்ள செய்திதான், பயிற்சி செய்கிற விதத்தை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

அந்த விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் அடைப்பு இங்கேதான் இருக்கிறது. ஒரு பாட்டை எடுப்போம், முதலிலிருந்து கடைசி வரை வாசிப்போம், நடுவில் ஓர் இடத்தில் தடுக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுவோம், முடிப்போம், மறுபடி முதலிலிருந்து. இப்படி இருபது தடவை வாசித்தால் நன்றாக வருகிற பகுதிக்கு இருபது தடவை பயிற்சி கிடைக்கும், தடுக்கிற இடத்துக்கோ இருபது தடவை தடுக்கிப் பழக்கமாகும். முன்னேற்றம் இல்லாத வேலையை மனசு வெறுப்பதில் தப்பே இல்லை.

எனக்கு ஒரு பாட்டில், கை மேலே நகர்ந்து அடுத்த நிலைக்குப் போகும் நான்கு ஸ்வரம், வாரக்கணக்கில் வராமலே இருந்தது. ஒரு நாள் அந்த நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு, தாளம் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து, கையையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். விரலில் ஒரு குறையும் இல்லை. கட்டைவிரல்தான் வயலினின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தது, அதனால் கை நகரவே இல்லை, விரல் மட்டும் எட்டிப் பிடிக்கப் பார்த்தது. கட்டைவிரலைத் தளர்த்தினேன். மூன்று தடவை தொடர்ந்து சுத்தமாக வந்தால் 54, அப்புறம் 58, தடுக்கினால் மறுபடி 50. பத்து நிமிடத்தில் ஒரு வழிக்கு வந்தது. அன்றைக்கு எழுந்தபோது இருந்த சந்தோஷம், முழுப் பாட்டை இருபது தடவை வாசித்த எந்த நாளிலும் இருந்ததில்லை. நீங்களும் அப்படி ஓர் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். நான்கு ஸ்வரமோ, கிட்டாரில் சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டான கார்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விரல் மாறுகிற அந்த ஒரு நொடியோ, அவ்வளவு சின்னதாக இருந்தால் போதும்.

இப்படிக் கவனம் குவித்துச் செய்கிற பயிற்சி ஜாலியாக இருக்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 1993-இல் வெளிவந்தது. "பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் வல்லவர் ஆகலாம்" என்று எல்லோரும் சொல்கிற பேச்சுக்கு மூலம் அதுதான். ஆனால் அதே ஆய்வில், தனியாக உட்கார்ந்து செய்யும் பயிற்சி மிக முக்கியம் என்று சொன்ன மாணவர்கள், அதை அந்த அளவுக்கு இன்பமான வேலை என்று சொல்லவில்லை. திறமையில் மேலே இருந்த மாணவர்கள் நாள் முழுக்க ஒரே மூச்சில் வாசிக்கவும் இல்லை, பகுதி பகுதியாக வாசித்து நடுவில் ஓய்வு எடுத்தார்கள், பகலில் தூங்கவும் செய்தார்கள். ஆகவே அலுப்புத் தட்டுவதை வைத்து "எனக்குத் திறமை இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். தூக்கத்தையும் குறைக்காதீர்கள், விரலசைவுகளை வரிசையாகக் கற்றுக்கொண்டவர்கள் தூங்கி எழுந்த பிறகு கூடுதல் வேகமாகச் செய்வதை ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள். முந்தின நாள் பாடாய்ப் படுத்திய இடம் காலையில் தானாக வந்து நிற்பது அதனால்தான்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், மனசு வராத காலத்தில் ஐந்து நிமிடம். ஏமாற்று வேலையாக இல்லாமல் உண்மையிலேயே ஐந்து நிமிடம், அதற்கு மேல் தோன்றாவிட்டால் குற்ற உணர்ச்சி இல்லாமல் கீழே வைத்துவிடுங்கள். தினமும் நீங்கள் எப்படியும் செய்கிற ஒரு காரியத்தோடு அதை ஒட்டிவிடுங்கள், பல் துலக்கியதும், வேலையிலிருந்து வந்து முகம் கழுவியதும், இப்படி ஏதாவது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வதை நம்பி 22-வது நாள் சோர்ந்துபோக வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லேலி என்ற ஆய்வாளரின் குழுவினர் 96 பேரை வைத்து, உணவு, உடற்பயிற்சி போன்ற பழக்கங்களைக் கவனித்தார்கள். பழக்கமாவதற்கு ஆன காலம் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது, நடுவில் நிற்கும் எண் 66. அதைவிட ஆறுதலான விஷயம், ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

அப்புறம், எந்தப் பாட்டுக்காக இந்த வாத்தியத்தை எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். தேர்வுக்கும் பாடத்துக்கும் வாசித்து வாசித்து அந்தப் பாட்டை ஒரு தடவைகூடத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாளை அதற்கே கொடுங்கள், காதால் கேட்டு, தப்பும் தவறுமாக, யாரும் திருத்தாமல். சேர்ந்து வாசிக்க ஓர் ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆசிரியரிடம் படிக்கிறீர்கள் என்றால் அவரிடம் நேராகவே சொல்லுங்கள், கோபிப்பார் என்று பயந்து வகுப்பைத் தள்ளிப் போடுவதுதான் பலரை முழுசாக நிறுத்தவைக்கிறது.

வலியோ மரத்துப்போவதோ இருந்தால் மட்டும் இது எதுவும் பொருந்தாது. வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ரொம்ப நாள் கழித்துத் திரும்புகிறவர்கள் பழைய வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். விரல் நுனியில் இருந்த காய்ப்பு போயிருக்கும், கொஞ்ச நாள் எரியும். நன்றாகத் தெரிந்த சின்னப் பாட்டு ஒன்றை முன்பைவிட மெதுவாக வாசித்து ஆரம்பியுங்கள்.

ஒவ்வொரு நாளும் வாத்தியத்தைக் கீழே வைப்பதற்கு முன்னால், நாளைக்கு முதலில் எந்த இரண்டு வரி என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஸ்டாண்டில் செருகிவிடுங்கள். இன்றைக்கு வாசிக்கவே இல்லை என்றாலும் பரவாயில்லை, அந்தத் தாளை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் படுங்கள்.