கண்மாயை மட்டும் அறிவித்தால் போதுமா? நீர்ப்பிடிப்பைச் சட்டப்படி பாதுகாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு கண்மாயைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கக் கோரி மனு எழுதுகிறவர்கள், பெரும்பாலும் கரைக்குள் அடங்கிய நீர்ப்பரப்பின் சர்வே எண்ணை மட்டுமே குறிப்பிடுகிறார்கள். தவறுகளில் இதுவே முதன்மையானது. பின்னாளில் திருத்துவதற்கு மிகக் கடினமானதும் இதுதான். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் (1989), மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் (1998), தேர்த்தங்கல் (2010), சக்கரக்கோட்டை (2012) எனப் பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்ட இம்மாவட்டத்து நீர்நிலைகள் எல்லாமே அடிப்படையில் பாசனக் கண்மாய்கள். தேர்த்தங்கலின் பரப்பு ஏறத்தாழ 29 ஹெக்டேர்தான். அதை நிரப்பும் நீரோ அதைவிடப் பன்மடங்கு பரந்த நிலத்திலிருந்து வந்து சேர வேண்டும். அந்த நிலமே அதன் நீர்ப்பிடிப்பு. எல்லைக்கு வெளியே வரத்துக்கால்வாய் அடைபட்டுவிட்டால், எல்லைக்குள் எவ்வளவு காவல் போட்டாலும் பறவை வராது.

அந்தப் பரந்த நிலம் எது என்று கண்டுபிடிப்பதில்தான் அடுத்த சிக்கல் எழுகிறது. மலைப்பாங்கான ஊர்களில் எந்த மேட்டிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். இங்கே தரை ஏறக்குறைய சமதளம். ஒரு கண்மாயின் கலுங்கில் வழியும் உபரி நீரே அடுத்த கண்மாய்க்கு வரத்து என்பதால், மேலக் கண்மாயின் கலுங்கு மட்டத்தில் யாரேனும் மணல் மூட்டை அடுக்கினால் கீழ்க் கண்மாயின் நீர்ப்பிடிப்பே சுருங்கிவிடும். ஆகவே பங்குனி, சித்திரையில் வறண்ட தரையைப் பார்த்து எல்லை வரைவது வீண்வேலை. வடகிழக்குப் பருவமழைக் காலமான கார்த்திகை, மார்கழியில், கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு, மடை திறந்து பழகிய நீர்பாய்ச்சியை உடன் அழைத்துப் போய், தண்ணீர் ஓடும் வழியே நடந்து பார்ப்பதுதான் சரி. வரைபடத்தில் இரட்டைக் கோடாகத் தெரியும் கால்வாய், நிலத்தில் சீமைக்கருவேலப் புதராகவோ, டிராக்டர் தடமாகவோ, சாலைக்கு அடியில் மண் மூடிய சிறுபாலமாகவோ இருப்பதை அப்போதுதான் காண முடியும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை, நிலத்தின் வகைப்பாட்டைப் பார்க்காமல் விடுவது. கண்மாய் நீர்நிலைப் புறம்போக்காக இருக்கும்; ஆனால் அதற்கு நீர் தரும் மேட்டுப்பகுதி, கிராமத்தின் நில விவரப் பதிவேடான அ-பதிவேட்டில் மேய்ச்சல் புறம்போக்கு, தீர்வை ஏற்பட்ட தரிசு, மானாவாரிப் பட்டா எனப் பலவாறாகச் சிதறிக் கிடக்கும். தீர்வை ஏற்பட்ட தரிசு, அரசு தனியாருக்கு ஒப்படை செய்யக்கூடிய நிலம் என்பதால், நீர்ப்பிடிப்பின் இந்தப் பகுதிதான் சத்தமில்லாமல் முதலில் கைமாறும். சர்வே எண் வாரியாக ஒரு பட்டியல் இல்லாத மனுவை எந்த அலுவலரும் மேற்கொண்டு நகர்த்த மாட்டார்; அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சட்டத்தைத் தேர்வதில் நேரும் தவறுகள் தனிவகை. 2017-ஆம் ஆண்டு ஈரநிலப் பாதுகாப்பு விதிகளைக் காட்டிப் பலர் விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் பாசனத்திற்கென மனிதர் அமைத்த நீர்நிலைகளை அவ்விதிகளின் வரையறையே விலக்கிவைக்கிறது. 2007-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்ற வலுவான கருவிதான், எனினும் அது பொதுப்பணித் துறைக் கண்மாய்களுக்கானது. ஊராட்சி ஒன்றியக் கண்மாய்க்கு அதை நம்பிப் பயனில்லை. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972, சரணாலயம் என்ற ஒரே வழியை மட்டும் தரவில்லை. சரணாலயத்தை அடுத்துள்ள அரசு நிலத்தை, உள்ளூர் மக்களைக் கலந்துகொண்டு, 36அ பிரிவின்படி பாதுகாப்புக் காப்பகமாக்கலாம். தனியாரோ ஊர்ச் சமூகமோ தாமாக முன்வந்து தரும் நிலத்தைச் சமூகக் காப்பகமாக்கலாம். சமூகக் காப்பகத்தில் நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டுமானால் மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும். நீர்ப்பரப்பு ஒரு சட்டத்தின்கீழும், பட்டா மேடு இன்னொன்றின்கீழும் வருவதில் தவறில்லை என்பதே என் கருத்து. முழு நீர்ப்பிடிப்பையும் ஒரே அறிவிக்கையில் அடைக்க முயலும்போதுதான் பட்டாதாரர்கள் எதிர்ப்பில் எல்லாம் நின்றுபோகிறது. பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் வரும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் மற்றொரு வழி. ஆனால் 2022-இல் அவ்வாறு அறிவிக்கப்பட்ட மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியையும் உள்ளடக்கித்தான் 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் நடந்தது என்பதையும், மக்கள் போராடிய பிறகே 2025 ஜனவரியில் அது இரத்தானது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சரணாலயமாக்கும் எண்ணத்தை அரசு வெளியிடும் முதல் அறிவிக்கையை இறுதி ஆணை என்று கொண்டாடுவதும் அடிக்கடி நடக்கிறது. அதற்குப் பிறகுதான் மாவட்ட ஆட்சியரின் உரிமை விசாரணை தொடங்குகிறது. அறிவிக்கை வந்த 60 நாட்களுக்குள் ஆட்சியர் அந்த வட்டார மொழியில் பறைசாற்றம் (பொது அறிவிப்பு) வெளியிட வேண்டும். அதிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் பாசனம், மேய்ச்சல், பாதை, விறகு ஆகிய உரிமைகளை எழுத்தில் கோர வேண்டும். "நம் ஊர்க் கண்மாய்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று ஆயக்கட்டுதாரர்கள் (கண்மாய்ப் பாசன நிலம் உடையவர்கள்) சும்மா இருந்துவிடுகிறார்கள். பிறகு மடையைப் பழுதுபார்ப்பதற்கும் வனத்துறையின் அனுமதிக்கு அலைய நேர்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து, எந்த உரிமையும் தொடர ஆட்சியர் அனுமதிக்கலாம் என்று சட்டத்தில் இடமிருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

கடல்முகத்தை விட்டுவிடுவதும் தவறே. கடைசிக் கண்மாயின் உபரி, உப்பளங்களையும் இறால் பண்ணைகளையும் கடந்து கடலில் சேரும் வழியில், அலையேற்றம் எட்டும் இடம்வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். அந்த வடிகாலையும் வரைபடத்தில் காட்ட வேண்டும்.

இறுதியாக, நடப்பிலுள்ள குத்தகைகள். கண்மாயில் மீன் பிடிப்பதற்கான மீன்பாசிக் குத்தகை வழக்கமாகப் பசலி ஆண்டுக் கணக்கில், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஓடும். உட்பரப்பில் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களுக்குத் தனி ஏலம் இருக்கலாம், பறவைகள் கூடு கட்டுவதும் அந்த மரங்களில்தான். ஏலத் தொகை எந்தக் கணக்கில் வரவாகிறது, அந்த வருவாயை இழக்கப்போகும் ஊராட்சிக்கு ஈடு என்ன என்பதை மனுவுடனேயே எழுதிக் கொடுத்துவிட்டால், கிராம சபையில் எழும் முதல் எதிர்ப்புக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.