பின்பக்க பிளேடுக்கு ஹைட்ராலிக் வைத்தேன்: என் அனுபவம்

ட்ராக்டரின் பின்னால் மாட்டி மண்ணை நிரவும் பிளேடில் கோணம் மாற்ற, ஒவ்வொரு முறையும் இறங்கி, பின்னைத் தட்டி எடுத்து, பிளேடைத் தோளால் தள்ளி அடுத்த துளைக்குக் கொண்டுவர வேண்டும். கடைசியில் அந்தப் பின்னை எடுத்துவிட்டு, எண்ணெய் அழுத்தத்தால் நீளவும் மடங்கவும் செய்யும் டபுள் ஆக்டிங் ஹைட்ராலிக் சிலிண்டர் ஒன்றைப் பொருத்தினேன்.

வெல்டிங்கைவிட அளவெடுப்பதில்தான் கவனம் வேண்டும். பிளேடை ஒரு கோடிக்குத் திருப்பி, சிலிண்டரின் இரு முனைகளும் உட்காரும் இடங்களுக்கு நடுவே டேப் பிடித்தேன். மறுகோடியிலும் அப்படியே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்ட்ரோக், அதாவது சிலிண்டர் நீண்டு மடங்க வேண்டிய தூரம். எந்தக் கோணத்திலும் சிலிண்டர், பிளேடு சுழலும் அச்சுக்கு நேர்கோட்டில் வந்துவிடக் கூடாது. வந்தால் எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் பிளேடு திரும்பாது.

சிலிண்டருக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஹோஸ் விஷயத்தில் தவறு செய்தேன். பிளேடு தூக்கியிருந்தபோது அளந்து வெட்டினேன். இறக்கி முழுக்கத் திருப்பியதும் விண்ணென்று இழுத்துக்கொண்டது. நீளமாக வேறு வாங்க வேண்டியதாயிற்று.

அப்புறம் ஒரு மரக்கட்டையில் பிளேடின் ஓரம் மோதியது. மறுநாள் பார்த்தால் ஹோஸ் இணையும் ஃபிட்டிங்கில் எண்ணெய் கசிந்து, புழுதி ஒட்டிக் கறுப்பாக இருந்தது. எண்ணெயை அனுப்பும் கன்ட்ரோல் வால்வு மூடியிருக்கும்போது சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெய்க்குப் போக்கிடம் கிடையாது. அடி விழுந்தால் அழுத்தம் எகிறும். சிலிண்டரின் இரண்டு எண்ணெய் லைனுக்கும் குறுக்கே, அழுத்தம் அளவு மீறினால் திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வு வைத்தேன். இப்போது பலமாக மோதினால் பிளேடு சற்று விலகிக் கொடுக்கிறது. இதை முதல் நாளே வைத்திருக்க வேண்டும்.

உள்ளே சிக்கிய காற்று வெளியேற, சிலிண்டரைச் சில தடவை முழுக்க நீட்டி மடக்கி, எண்ணெய் அளவைப் பார்த்து நிரப்பினேன்.