கன்ட்ரி ராக் ஆல்பம்: பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தப் பாடல்களைச் சொந்தச் செலவில் பதிவு செய்பவர்கள் கன்ட்ரியையும் ராக்கையும் கலக்கும்போது, பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுகிறார்கள். அக்கூஸ்டிக் கிட்டார், பெடல் ஸ்டீல் (மிதிகளால் சுருதி மாற்றி, கம்பிமேல் உலோகக் கட்டையை வழுக்கி வாசிக்கும் கிட்டார்), இரண்டு டிஸ்டார்ஷன் கிட்டார் (ஒலியைக் கரடுமுரடாக்கிய எலெக்ட்ரிக் கிட்டார்), ஆர்கன் எல்லாம் முதல் வரியிலிருந்தே ஒலிக்கின்றன. கன்ட்ரி கதை சொல்லும் இசை. வரி காதில் விழாவிட்டால் பாட்டே போயிற்று. எந்த இடத்தில் எந்த வாத்தியம் முன்னே வரும், எது ஒதுங்கும் என்பதை ஸ்டுடியோவுக்குள் நுழையும் முன்பே ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குழம்புவது தாளம். ரயில் ஓடுவதுபோன்ற கன்ட்ரி தாளமான ட்ரெயின் பீட்டில் ஸ்னேர் டிரம்மில் பிரஷ் இடைவிடாமல் ஓடும். பேஸ் 1, 3-ஆம் அடிகளில் கார்டின் மூல சுரத்தையும் பஞ்சமத்தையும் மாறி மாறித் தொடும். அதன் மேல் ராக் பாணியில் ஒரு பாருக்கு எட்டு அடி பேஸ் வாசித்தால் 2, 4-இல் இருக்க வேண்டிய இடைவெளி அடைபட்டு, ஓட்டம் செத்துவிடும். சரணத்தில் இரண்டடி பேஸ், பல்லவியில் எட்டடி பேஸ் எனப் பிரித்துக்கொள்ளலாம். பல்லவிக்கு டிரம்மர் ஸ்டிக்குக்கு மாறுவதாக இருந்தால் அதற்கு ஒரு பார் இடம் விடுங்கள். இல்லையேல் இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்.

அதிகம் பேர் கவனிக்காதது பெடல் ஸ்டீலின் சுருதி. கன்ட்ரி ஸ்டீலின் வழக்கமான சுருதியமைப்பான ஈ9 ட்யூனிங்கில் வாசிப்பவர்கள் மேஜர் மூன்றாம் சுரத்தைக் கிட்டாரில் இருப்பதைவிடச் சற்று இறக்கி வைப்பது வழக்கம். இயல்பான மூன்றாம் சுரம் கிட்டாரின் சம இடைவெளிச் சுருதியைவிடச் சுமார் 14 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே நிற்கும். டிஸ்டார்ஷன் கிட்டார் முழு மேஜர் கார்டை அதே ஸ்தாயியில் பிடித்தால் இரண்டும் உரசி அதிரும். உடனே ஸ்டீலைச் சாஃப்ட்வேரால் 'திருத்த'ப் போகிறார்கள். அதில் அந்த வாத்தியத்தின் உயிரான வழுக்கலே போய்விடுகிறது. கிட்டாரை மூல சுரமும் பஞ்சமமும் மட்டும் கொண்ட பவர் கார்டுக்கு இறக்கி, மூன்றாம் சுரத்தை ஸ்டீலிடம் விடுங்கள். கேப்போ (கிட்டார் கழுத்தில் கம்பிகளை அழுத்தும் கவ்வி) போட்டதும் மறுபடி ட்யூன் செய்யுங்கள்; அது கம்பிகளை மேலே இழுக்கும்.

ஸ்டீல் பாடகரின் குரல் எல்லையிலேயே ஒலிப்பதால், வரி முடிந்த இடைவெளியில்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்காக அதை அழகுக்கு மட்டும் வைக்கும் வாத்தியமாக நினைத்துவிடாதீர்கள். 1969-இல் வந்த ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸின் முதல் ஆல்பத்தில் ஸ்னீக்கி பீட் கிளைனோ ஸ்டீலையே ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் கருவி வழியாக அனுப்பினார். ராக்கின் கரடுமுரடு எலெக்ட்ரிக் கிட்டாரிலிருந்துதான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

டிஸ்டார்ஷனை மேடையில் வைப்பதைவிடக் குறைத்து வையுங்கள். ஒரே டேக்கைப் பிரதி எடுத்து இடம், வலம் போட்டால் சத்தம்தான் கூடும், அகலம் வராது. இரண்டு முறை வாசித்தே ஆக வேண்டும்.

அக்கூஸ்டிக் கிட்டாரில் மைக்கை ஒலித்துளைக்கு நேரே வைக்காதீர்கள், அடித்தொனி வீங்கும். 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேரே 20 முதல் 30 செ.மீ. தள்ளி வையுங்கள். தனியாக ஒலிக்கும் பாட்டில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் போதும். முழு பேண்டும் இருந்தால் 150 வரை தாராளமாக வெட்டலாம்.

மாஸ்டரிங்கில் சத்தத்தை நசுக்குவது வீண். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள். எல்.பி. போடுவதானால் ஒரு பக்கம் 20 நிமிடத்தை ஒட்டி நிற்கட்டும். இசைத்தட்டின் உட்பகுதியில் மேல்தொனி மங்கும் என்பதால் இரைச்சலான ராக் பாட்டை வெளிப்பக்கமும் அமைதியான பாட்டைக் கடைசியிலும் வையுங்கள்.

அமெரிக்காவில் சொந்தமாக வெளியிடுபவர்கள் பாடல் எழுதுபவர்களுக்கு ராயல்டி வசூலிக்கும் ஆஸ்கேப் அல்லது பிஎம்ஐ அமைப்பில் சேர்ந்ததோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே பாட்டு ஒலிபரப்பாவதற்கான பணம் மட்டுமே வரும். ஸ்ட்ரீமிங்கின் மெக்கானிக்கல் ராயல்டியை (பாடலைப் பிரதி எடுப்பதற்கான உரிமைத்தொகை) 2021 முதல் எம்.எல்.சி. என்ற அமைப்பு வசூலிக்கிறது, பதிவுக்கான டிஜிட்டல் ரேடியோ பணம் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பிடம் இருக்கிறது. இரண்டிலும் தனியாகப் பதிய வேண்டும். ஸ்டீல் வாசிப்பவருக்கு ஒருமுறை சம்பளமா, பாட்டில் பங்கா என்பதையும் பதிவு நாளுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.