அண்ணாச்சி, அந்தத் தீர்மானத்தைப் போடுமுன்

திருநெல்வேலியில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அந்தப் பழக்கத்தில் ஒரு வியாபாரிகள் சங்கத்தின் வரவு செலவையும் பார்த்துத் தரச் சொன்னார்கள். மினிட் புக்கைப் புரட்டிக்கொண்டு வந்தவன் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். நீல மையில், அழகான கையெழுத்தில்: “இன்று முதல் உறுப்பினர் அனைவரும் ஒரே விலையில் விற்பது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. குறைத்து விற்பவருக்கு ரூ. 5,000 அபராதம்.” கீழே பதினேழு கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். இரண்டு பக்கம் தள்ளி, ஒருவர் அந்த அபராதத்தைக் கட்டியதற்கு ரசீது நம்பர்கூட இருந்தது.

சங்கத்துக்காரர்கள் யாருக்கும் இது தப்பு என்றே தெரியாது. “ஒருத்தனை ஒருத்தன் அறுத்துக்கிட்டு நஷ்டப்படக் கூடாதுன்னுதானே?” என்றார் செயலாளர் அண்ணாச்சி. போட்டிச் சட்டம் 2002, பிரிவு 3 தடுப்பது சரியாக இதைத்தான். ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடி விலையை முடிவு செய்வது, சரக்கை வேண்டுமென்று குறைப்பது, “ஜங்ஷன் உனக்கு, பாளை எனக்கு” என்று ஏரியா பிரித்துக்கொள்வது, டெண்டரில் பேசி வைத்துக்கொள்வது எல்லாம் அதில் வருகின்றன. இந்தப் பிரிவு 2009 மே மாதத்திலிருந்து நடப்பில் இருக்கிறது.

நான் விளக்கியதும் அண்ணாச்சி சொன்ன பதில்: “சரி, அப்போ எழுத வேண்டாம். வாயால பேசிக்கிடுவோம்.” முதல் தவறைவிட இது பெரிய தவறு. எழுத்தில் இல்லாவிட்டாலும், வெறும் புரிதலாக இருந்தாலும், சட்டத்தின் கணக்கில் அது ஒப்பந்தம்தான். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் விலை போட, மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதும் அந்த வகைதான்.

விலை ஒன்றுபோல இருந்தாலே குற்றம் என்று பயப்படவும் வேண்டாம். பால் விலை ஏறுகிறது. எதிர்க் கடையில் டீயை ஏற்றிவிட்டார்கள். பார்த்துவிட்டு நீங்களும் ஏற்றுகிறீர்கள். அது உங்கள் சொந்த முடிவு. ஏற்றுவதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் பேசிக்கொண்டால்தான் சிக்கல். அதேபோல் சங்கம் வைப்பது தவறே இல்லை. வரி குறைக்கச் சொல்லி மனு கொடுங்கள், ரோடு போடச் சொல்லிப் போராடுங்கள். விற்கும் விலை என்ற பேச்சு வந்தால் மட்டும் எழுந்து, “எனக்கு இதில் சம்மதம் இல்லை” என்று சொல்லி, அதை மினிட்டிலும் எழுதச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். மூலையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுவிட்டு, “நான் ஒன்றும் பேசவில்லையே” என்பது பிறகு எடுபடும் என்று நம்ப வேண்டாம்.

மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாக ஒருவர் ஸ்டாக்கிஸ்ட் (கம்பெனி மருந்தை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்குப் போடும் உரிமை) எடுக்கச் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற வழக்கத்தை, இந்தச் சட்டத்தை நடத்தும் போட்டி ஆணையம் பல வழக்குகளில் கண்டித்திருக்கிறது. “அவருக்குச் சரக்கு போடாதீங்க” என்று கம்பெனிக்குச் சங்கக் கடிதம் போவதும் இதில் சேரும்.

டெண்டர் விஷயம் இன்னும் மோசம். மூன்று கொட்டேஷன் வேண்டும் என்றதும் மச்சான் பெயரில் ஒன்று, சிநேகிதன் லெட்டர்பேடில் ஒன்று என்று ஒரே ஜெராக்ஸ் கடையில் அடித்து, மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழையோடு கொண்டுபோய்க் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். “பேருக்குத்தானே கொடுத்தேன்” என்பது சாக்காகாது. புனே மாநகராட்சியின் குப்பை மேலாண்மை டெண்டர்களில் 2018-இல் ஆணையம் கொடுத்த உத்தரவைப் பாருங்கள். ஒப்புக்குப் பெயர் கொடுத்த நிறுவனங்களும் அபராதத்தில் சிக்கின.

அபராதக் கணக்குதான் என் போன்ற ஆளைத் தூங்க விடாது. இப்படிப் பேசிவைத்துக்கொண்ட கூட்டு நடந்த ஒவ்வொரு வருடத்துக்கும், லாபத்தைப் போல மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை போடலாம். மொத்த வியாபாரத்தில் நிற்கும் லாபம் இரண்டு சதவீதம் என்று வையுங்கள். 3 கோடி விற்றவருக்கு லாபம் 6 லட்சம். மூன்று மடங்கு என்றால் 18 லட்சம். 10 சதவீதம் என்றால் 30 லட்சம். அதாவது ஒரு வருடக் கூட்டுக்கு ஐந்து வருட லாபம் போகலாம். உச்சவரம்பைச் சொல்கிறேன், எல்லாருக்கும் அவ்வளவு விழாது. சங்க நிர்வாகிகள் மீது தனியாக அபராதம் போட்ட வழக்குகளும் உண்டு.

இனி வாங்குகிறவர்கள் பக்கம். இவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: தவறான கதவைத் தட்டுவது. தண்ணீர் பாட்டிலுக்கு அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் இரண்டு ரூபாய் வாங்கினால் அது எடையளவுச் சட்டம். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை பார்க்கிறது. வாங்கிய மிக்ஸி பத்தே நாளில் புகைந்தால் நுகர்வோர் ஆணையம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. போட்டி ஆணையம் உங்கள் பணத்தைத் திருப்பி வாங்கித் தராது. அது கூட்டை உடைக்கும், அபராதம் போடும். அந்த அபராதமும் அரசுக் கஜானாவுக்குப் போகும். போட்டி ஆணையத்தில் தகவல் கொடுக்கத் தனிநபருக்கு 5,000 ரூபாய் கட்டணம் உண்டு. உங்கள் பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்கலாம். சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும் என்று 2023 திருத்தம் சொல்கிறது.

ஆணையம் இருப்பது தில்லியில். தெற்கே சென்னையில் ஒரு மண்டல அலுவலகம் உண்டு. வியாபாரிகளையும் நுகர்வோரையும் கூட்டிச் சட்டத்தை விளக்குவதும் பிரிவு 49 அதற்குக் கொடுத்திருக்கும் வேலைதான். அப்படி ஒரு கூட்டம் நம் பக்கம் நடந்தால், ரெய்டுக்கு ஆள் வந்துவிட்டதாக நினைத்து ஷட்டரை இறக்க வேண்டாம். போய்க் கேள்வி கேளுங்கள்.

கடைசியாகச் செயலாளர் அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அந்தப் பக்கத்தைக் கிழிச்சிருவமா?” வேண்டாம் என்றேன். கிழித்தால் பதினேழு பேரிடமும் அதன் போட்டோ இருக்கும். கூட்டில் இருந்தவரே முதலில் ஆணையத்திடம் போய் முழு உண்மையைச் சொன்னால் அபராதத்தில் 100 சதவீதம் வரை சலுகை, இரண்டாவது ஆளுக்கு 50 வரை, மூன்றாமவருக்கு 30 வரை. டார்ச் பேட்டரி வழக்கில் எவரெடி, நிப்போவோடு சேர்ந்து விலை பேசிய பானாசோனிக்கே முந்திக்கொண்டு சொன்னது. 2018 உத்தரவில் அதற்கு முழு அபராதமும் தள்ளுபடி, எவரெடிக்கு 171 கோடி. இதைக் கேட்டதும் அண்ணாச்சி மினிட் புக்கை மூடிவிட்டு, மற்ற பதினாறு கையெழுத்தில் யார் முதலில் வக்கீலைப் பார்ப்பார் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.