ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்: கோட்டை தாண்டும்வரை தோட்டா மிஞ்ச

கப்கொம் நிறுவனம் 2021 மே 7 இல் வெளியிட்ட திகில் வீடியோ கேமான ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ், 2017 இல் வந்த ஏழாவது பாகத்தின் நேரடித் தொடர்ச்சி. அதே நாயகன் ஈதன் விண்டர்ஸ், அவன் கண்வழியே பார்க்கும் அதே முதல்நபர்ப் பார்வை. ஏழாவதை முடித்துவிட்டு வந்தால் கதை வடிவாக விளங்கும். ஆனால் அதில் பழகிய கை இங்கே பாதிக்குத்தான் உதவும். அங்கே ஒடுங்கிய வீடு. இங்கே திறந்த வெளியில் கூட்டமாக வரும் லைக்கன்கள், அதாவது ஓநாய் மனிதர்கள். கண்டதையெல்லாம் சுடுகிறவர் கிராமம் தாண்டும் முன்னரே வெறுங்கையோடு நிற்பார்.

முதலில் கணினி. கப்கொம் சொல்லும் குறைந்தபட்சம் ஐ5-7500 அல்லது ரைசன் 3 1200, 8 ஜிபி ராம், 4 ஜிபி உள்ள ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அல்லது ஆர்எக்ஸ் 560 கிராபிக்ஸ் கார்டு. 1050 டிஐ வைத்திருப்பவர்கள் ஒளியையும் பிரதிபலிப்பையும் நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங் பக்கம் போகவே வேண்டாம். டெக்ஸ்சரை, அதாவது பரப்புகளின் பட நுணுக்கத்தைக் கூட்டும்போது அமைப்புத் திரையில் கிராபிக்ஸ் மெமரியைக் காட்டும் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது எல்லையைத் தாண்டினால் திரும்பும் நேரமெல்லாம் படம் விக்கும். குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் வசதியைப் போட்டால் அந்தச் சிறிய கார்டும் ஓரளவு மூச்சு விடும். வாங்குவதற்கு முன் ஸ்டீம் இணையக் கடையில் உள்ள இலவச டெமோவை ஓட்டிப் பாருங்கள். முழு கேமையும் இரவு நேர டேட்டாவில் இறக்குவதுதான் கட்டுப்படியாகும்.

யாழ்ப்பாணத்தில் இன்னும் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். கிணற்று மோட்டர் போட்டதும் வோல்டேஜ் இறங்கி, கணினி சட்டென்று நின்று திரும்பத் தொடங்குவது பல வீடுகளில் நடக்கும். இந்த அளவு கணினிக்கு 650 விஏ யூபிஎஸ் ஒன்று போதும். கரண்ட் போனால் விளையாட்டைத் தொடர அது உதவாது, ஒழுங்காக மூடத்தான். ஆகவே கேமுக்குள் சேவ் செய்யும் இடமான தட்டச்சு இயந்திரத்தைக் கண்ட இடமெல்லாம் சேவ் செய்யுங்கள். தானியங்கிச் சேவ் எப்போது விழுந்தது என்று நம்பியிருக்க முடியாது. மற்றது வெப்பம். வலிகாமத்துச் செம்மண் தூசி விசிறியில் படிந்திருந்தால் சித்திரை, வைகாசியில் கார்டு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அமைப்புகளைக் குறை சொல்வதற்கு முன் விசிறியைத் துடையுங்கள்.

ஹெட்போன் கட்டாயம். பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்க, எந்தப் பக்கத்தால் கால்சத்தம் வருகிறது என்று ஸ்பீக்கரில் பிரித்தறிய முடியாது.

இனிக் கிராமம். லைக்கன் கூட்டத்தின் முதல் தாக்குதலில் எல்லாவற்றையும் கொல்ல வேண்டும் என்றில்லை. தாக்குப்பிடித்தால் மணி ஒலிக்கும், அவை தாமாகவே விலகும். வீட்டுக்குள் புகுந்து அலுமாரியைத் தள்ளிக் கதவை அடையுங்கள். தொங்கும் மா மூட்டையைச் சுட்டால் தூள் பறந்து கிட்ட நிற்பவை தடுமாறும், அப்போது ஓடுங்கள். ஒரே இடத்தில் நின்றால் கூரையாலும் வருவார்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது தடுப்பைத்தான். எங்கள் பார்வையில் இந்தக் கேமில் துவக்கை விடப் பெறுமதியானது அந்த ஒரு பொத்தான். அடி விழும் முன் அழுத்திப் பிடித்தால் சேதம் வெகுவாகக் குறையும். அடி பட்டதும் இன்னொரு தரம் அழுத்தினால் எதிரியைத் தள்ளிவிடலாம். அந்த இடைவெளியில் தலைக்குச் சுடுங்கள். பின்னால் நடந்துகொண்டே சுடுவதுதான் தோட்டாவைத் தின்னும் பழக்கம். லைக்கன் நெளிந்து நெளிந்து வருவதால் பாதிக் குண்டு காற்றில் போகும்.

தயாரிப்புப் பொருட்கள் பையில் இடம் பிடிப்பதில்லை, தோட்டாவும் மருந்தும் பிடிக்கும். எனவே மூலிகையையும் வெடிமருந்தையும் அப்படியே வைத்திருந்து, தேவை வரும்போது மட்டும் செய்யுங்கள். மூலிகையும் இரசாயனத் திரவமும் சேர்ந்தால் மருந்து. வெடிமருந்தும் துருப்பிடித்த இரும்புத் துண்டும் சேர்ந்தால் கைத்துப்பாக்கித் தோட்டா.

வரைபடத்தில் சிவப்பாக உள்ள அறையில் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது, நீலமானால் முடிந்தது. சிவப்பை விட்டுவிட்டு நகரவேண்டாம். சுவரிலும் கூரையிலும் மின்னும் படிகங்களைச் சுட்டு விழுத்தினால் காசு. கேமில் வரும் வியாபாரி டியூக்கிடம் விற்கும்போது, இணைக்கலாம் என்று குறித்த நகைகளைத் தனித்தனியாகக் கொடுக்காதீர்கள். சோடி சேர்ந்தால் விலை நன்றாக ஏறும். கிடைத்த காசில் முதலில் பையைப் பெருப்பியுங்கள், துவக்கு பிறகு. கோழி, பன்றியைக் கத்தியாலேயே பிடியுங்கள். அந்த இறைச்சியில் டியூக் பின்னர் சமைத்துத் தரும் உணவு உடல் வலிமையையும் தடுப்பையும் நிரந்தரமாகக் கூட்டும்.

அடுத்தது கோட்டை. அதை ஆளும் டிமிட்ரெஸ்கு சீமாட்டியின் மூன்று மகள்மாரும் பூச்சிக் கூட்டமாகக் கலைந்து சேருகிறவர்கள். சூடான அறையில் எத்தனை குண்டு போட்டாலும் வீண். குளிர் பட்டால் உடல் இறுகும், அப்போதுதான் சாவார்கள். நிலவறையில் பேலாவுக்கு யன்னலைச் சுட்டு உடையுங்கள். ஆயுத அறையில் கசாண்ட்ராவுக்கு வெடிப்பு விழுந்த சுவரைப் பைப் பொம் என்ற குழாய்க் குண்டால் தகருங்கள். நூலகத்தில் டானியேலாவுக்குக் கூரைக் கண்ணாடியைத் திறக்கும் விசையை இழுங்கள். இறுகியதும் கிட்டப் போய் ஷொட்கன். அவர்கள் விட்டுச்செல்லும் படிகத்தை எடுக்காமல் போனால் நல்ல காசு போய்விடும்.

தாயை வழியில் எதிர்த்து நிற்பதில் பயனில்லை. பாரமான கால்சத்தம் கேட்டால் வேறு கதவைப் பாருங்கள், அல்லது டியூக்கின் அறைக்கு ஓடுங்கள். அங்கே அவள் வரமாட்டாள். மேல்மாடத்தில் எஃப்2 ரைபிள் இருக்கிறது, அதன் தோட்டாவைக் கடைசிச் சண்டைக்கென்று ஒதுக்குங்கள். உருமாறிய பிறகு அந்தப் பெரிய உடலைச் சுடவேண்டாம்; முதுகில் தெரியும் பெண்ணுருவமே இலக்கு. பறக்கும்போது ரைபிள், இறங்கி வந்தால் ஷொட்கன்.

கோட்டைக்கு அடுத்த கட்டமான பெனவியெண்டோ வீட்டுக்குள் ஆயுதங்கள் பறிபோகும் என்பதால், அதற்கென்று டியூக்கிடம் தோட்டா வாங்கிக் குவிக்காதீர்கள்.